சுவர்க் கரி

கொட்டகையின் நடுவில் கிடக்கும் கரியைத்தான் ஹெட்லி ட்ரெம்பாத் அள்ளுவார். சுவரோரம் முழங்காலளவு குவிந்திருப்பதில் மட்டும் கை வைக்கமாட்டார். மூன்று குளிர்காலமாக அது அப்படியே கிடந்தது.

"ஓரத்துல கெடக்கிறது என்ன, தங்கமா?" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி லவீனியா கேட்பாள்.

"அது சுவர்க் கரி. சண்ட முடியிற வரைக்கும் தொடக்கூடாது."

"எந்தச் சண்ட? நமக்குள்ள நடக்குதே, அதுவா?"

'அயாந்தி' போர்க்கப்பலில் பதினோரு வருஷம் அடுப்பெரித்தவர் அவர். விக்டோரியா ராணி காலத்துக் கப்பல். பக்கவாட்டில் கவசம் கிடையாது. அந்தப் பாரத்தைச் சுமந்தால் வேகம் போய்விடும். உள்ளே ஆமை முதுகு மாதிரி வளைந்த எஃகுத் தளம் இயந்திரங்களை மூடியிருக்கும். அதற்கு மேலே இரு பக்கமும் கரி அறைகள். குண்டு வந்தால் முதலில் அந்தச் சுவர்க் கரிதான் தாங்க வேண்டும். "ரெண்டடி கரி, ஒரு அங்குல இரும்புக்குச் சமம்" என்பார், யாரும் கேட்காமலே.

அவருடைய பெருமையெல்லாம் புகையில்தான். "கறுப்பா பொக விட்டா எதிரிக்குக் கடுதாசி போட்ட மாதிரி." அவர் எரித்தால் வெள்ளை நூலாகத்தான் போகுமாம்.

சீனக் கடல்வரை சுற்றிய கப்பல், கடைசிப் பத்து வருஷம் எங்கள் ஊருக்கு எதிர்க்கரையான டெவன்போர்ட்டில் மாலுமிகள் படுத்தெழும் சத்திரமாகக் கட்டிக் கிடந்தது. அதை உடைக்கப் போகிறார்கள் என்றதும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "பொகையில்லாம போனா அது பொணம் போற மாதிரி" என்று துறைமுக அலுவலகத்துக்கே போனார். ஒரே ஒரு கொதிகலனையாவது தானே பற்றவைத்துத் தருவதாகக் கெஞ்சினார். சிரித்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எனக்கே வயிறெரிந்தது.

போன திங்கட்கிழமை இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் டார்பாயின்ட்டில் திங்கள் துவைக்கிற நாள். எங்கள் மேட்டுத் தெருவில் கொடியெல்லாம் வெள்ளை விரிப்புகள். அன்று புகை கிளப்புகிறவனுக்கு ஏழு தலைமுறைக்கும் வசவு விழும். இழுவைப் படகுகளுக்குப் பின்னால் கப்பல் தெரிந்ததும் ஹெட்லி கொட்டகைக்கு ஓடினார். சுவர்க் கரியை வாளி வாளியாக அடுப்பில் கொட்டினார். அவர் வீட்டுப் புகைபோக்கியில் கறுப்பு பொங்கியது.

"ராசா, ஒனக்கென்ன பித்துப் பிடிச்சிருச்சா? என் விரிப்பெல்லாம் போச்சே!" என்று எதிர்வீட்டு மிசஸ் ஹாக்கிங் கத்தினாள்.

லவீனியா விடுவிடுவென்று வந்தாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். தன் துணிகளைக்கூட எடுக்காமல், அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். "நீ அடுப்பப் பாரு. கப்பல் கண்ணுக்கு மறையிற வரைக்கும் நான் அள்ளித் தாறேன்." என் சட்டையும் கொடியில்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கப்பல் முனை திரும்பி மறைந்தது. லவீனியாவின் கையில் ஒரே ஒரு கட்டி மிஞ்சியிருந்தது.

"இது ஒண்ணுதான் பாக்கி. போட்டுடவா?"

ஹெட்லி அதை வாங்கினார். சட்டையில் துடைத்தார். கொட்டகைக்குள் போய், வெறுமையாகிவிட்ட சுவரோரத்தில் அதை வைத்தார்.