வயர்மேன் மாற்றிய குளத்து விளக்கு

அவனை நினைக்கும்போதெல்லாம், நீச்சல் குளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்திருக்கும் அவன் முதுகுதான் முதலில் கண்ணில் படுகிறது. கன்னத்தை ஈர டைல்ஸின் மேல் வைத்து, வலது கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரில் பதித்திருந்த விளக்கின் திருகாணியைத் தேடுவான். "ஏன் தம்பி கண்ணை மூடிக்கறே?" என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணிக்குள்ள இருக்கறத கண்ணு தள்ளித் தள்ளிக் காட்டும்ணே. விரல் அப்படி ஏமாத்தாது" என்றான்.

அது எண்பதுகளின் தொடக்கம். திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் இருந்த ஒரு ஹோட்டலில் அவன் வயர்மேன். எடமலைப்பட்டி புதூரிலிருந்து சைக்கிளில் வருவான். நான் அந்த ஹோட்டலின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன்; ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். இலை அள்ளுவது, மருந்து போடுவது, குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு கொடுப்பது என் வேலை. அவன் என்னைவிட ஆறேழு வயது சிறியவன் என்றாலும் யாரிடமும் கூசாமல் பேசுவான். நான் அப்படியில்லை. பஸ்ஸில் என் இடம் வந்தாலும் "இறங்கணுங்க" என்று சொல்ல வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் உண்டு. பத்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்திலும் என் குரலை வாத்தியார்கள் கேட்டிருக்க மாட்டார்கள். குளத்து வேலை பிடித்துப் போனதற்கு அதுவே காரணம். தண்ணீரிடம் பேச வேண்டியதில்லை.

ஒரு பெரிய துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு குளக்கரைப் புல்வெளியில் நடப்பதாக இருந்தது. அதற்கு முதல் நாள் குளத்து விளக்கு எரியவில்லை. வயர்மேன் முதலில் பம்ப் அறைக்குப் போய் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தண்ணீரில் கை வைக்கும் முன் எப்போதும் அப்படித்தான். கட்டை தன் பையில் இருந்தால்தான் அவனுக்கு நம்பிக்கை. பிறகு படுத்து, திருகாணியைக் கழற்றி, விளக்கைக் கரைக்குத் தூக்கினான். அதற்கென்றே விளக்கின் பின்னால் ஒயரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். குளத்தை வற்ற வைக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்குள் நீர் கோத்திருந்தது. பல்பு போயிருந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கியது. அதெல்லாம் சின்ன விஷயம். பம்ப் அறையில் இருந்த டிரான்ஸ்பார்மரும் கருகியிருந்தது. வீட்டு மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் குளத்துக்கு அனுப்புவது அந்தப் பெட்டிதான். அது இருக்கும்வரை விளக்குக்குள் தண்ணீர் புகுந்தாலும் ஆளைக் கொல்லாது.

புதியது மெட்ராஸிலிருந்து வர வேண்டும். மேனேஜருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "நீலத் தண்ணி, உள்ளே விளக்குன்னு சொல்லித்தான் இந்தப் பார்ட்டியப் பிடிச்சேன். நாளைக்கு எரியணும். எப்படி எரியுதுங்கறது உன் பாடு."

"டைரக்டா குடுத்தா எரியும் சார். ஆனா ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது."

"பட்டுப் புடவையும் கோட்டும் போட்டுக்கிட்டு எவன்யா எறங்கப் போறான்?"

வயர்மேன் வீட்டு மின்சாரத்தில் எரியும் வேறு பல்பு போட்டு, கருகிய பெட்டியை விட்டுவிட்டு நேரே இணைத்தான். லாரி டியூபை வெட்டி வளையம் செய்தான். விளக்கைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தான். வரவில்லை. பிறகும் அவன் முகம் தெளியவில்லை. மறுநாள் சாயங்காலம் விளக்கைப் போடும்போது என்னிடம் சொன்னான்: "அண்ணே, நான் அந்தப் பக்கம் சீரியல் லைட் செட்டுகிட்ட நிக்கணும். இங்க நீங்கதான். ஒருத்தரையும் எறங்க விட்றாதீங்க." பின்னாலேயே வந்த மேனேஜர் குனிந்து, "கரண்ட்டுன்னு மட்டும் வாயைத் தெறந்துடாதே. பந்தியே கலைஞ்சுடும்" என்றார்.

அன்று இருட்டத் தொடங்கியதிலிருந்து நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. குளம் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அழகுதான் பயமாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்க்க வந்தார்கள். யாராவது விளிம்புக்கு வந்தால் நானும் அங்கே போய் நிற்பேன். ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்வார்கள். அப்படியே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தான். பின்னால் அவன் மாமா, வெற்றிலை மென்றபடி. "தண்ணி சரியில்லைங்க" என்றேன்.

"கண்ணாடி கணக்கா இருக்கு, சரியில்லையாமே! குளிக்கத்தானப்பா கட்டியிருக்கீங்க? சுத்தி நின்னு வேடிக்கை பாக்கவா?"

"இல்லைங்க, இன்னிக்கு வேணாம்..."

"என்னப்பா முணுமுணுக்கற? காசு குடுத்தவன் காதுல விழற மாதிரி பேசு." அவருடன் இருந்த இருவர் சிரித்தார்கள். பையன் டவுசரோடு விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். ஒரே ஒரு சொல் போதும். அது தொண்டை வரை வந்தது. மேனேஜரின் முகம் நினைவுக்கு வந்தது, சிரித்தவர்களின் முகம் எதிரே இருந்தது. சொல் அங்கேயே நின்றுவிட்டது. நான் திரும்பி ஓடினேன்.

பம்ப் அறை செடி வேலிக்குப் பின்னால், நான்கு படி கீழே. இருட்டில் பலகையைத் தடவினேன். ஃப்யூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தபோது வெளியே தண்ணீரில் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. இழுத்த பிறகு கேட்டதா, இழுப்பதற்கு முன்பே கேட்டதா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது. ஓடி வந்து பார்த்தேன். குளம் கறுப்பாகக் கிடந்தது. எந்தச் சத்தமும் இல்லை. கட்டையைக் கையில் பிடித்தபடியே குதித்தேன். பையன் இடுப்பளவுத் தண்ணீரில், திடீர் இருட்டில் விக்கித்துப்போய் நின்றிருந்தான். தூக்கிய பிறகுதான் வீலென்று அழுதான். அந்த அழுகையைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மாமா கத்தினார். மேனேஜர் ஓடி வந்தார். "விளக்கை அணைச்சுக் குழந்தையைப் பயமுறுத்தினியா? மன்னிப்புக் கேள்யா." ஈரம் சொட்டச் சொட்டக் கைகூப்பினேன். எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மனம் நிறைந்து கேட்டது அன்று மட்டும்தான். பையன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உயிரோடு நின்றான்.

மறுநாள் காலை வயர்மேன் விளக்கைக் கரைக்குத் தூக்கிக் கண்ணாடியைத் திறந்தான். அரை டம்ளர் தண்ணீர் டைல்ஸில் வழிந்தது. வாளியில் தண்ணீரைத் தடுத்த வளையம் குளத்தில் தடுக்கவில்லை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "கட்டையை எடுத்தப்ப அவன் தண்ணியில இருந்தானாண்ணே, கரையிலயா?" என்றான். தெரியலை என்றேன். வேறொன்றும் கேட்காமல் மேனேஜர் அறைக்குப் போனான். டிரான்ஸ்பார்மர் வரும்வரை விளக்கைத் தொட மாட்டேன், வேலையை விட்டு அனுப்புவதானாலும் அனுப்புங்கள் என்று அவன் சொன்னது வராந்தா வரை கேட்டது. மேனேஜர் அனுப்பவில்லை. மூன்று வாரம் குளம் இருட்டாகவே கிடந்தது.

டிரான்ஸ்பார்மரும் புது விளக்கும் வந்தன. அவன் எல்லாவற்றையும் பொருத்தி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் ஊற விட்டு, மறுபடி வெளியே எடுத்துத் திறந்து பார்த்தான். உள்ளே பொட்டு ஈரமில்லை. திரும்பப் பொருத்தி, சாயங்காலம் விளக்கைப் போட்டான். பிறகு பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"நான் எறங்கிப் பாத்துடறேன். நீங்க கட்டைகிட்டப் போய் நில்லுங்கண்ணே. வேற எவனையும் நம்பி எறக்க முடியாது."

சோதித்தாயிற்று, பன்னிரண்டு வோல்ட்தான், எல்லாம் எனக்குத் தெரியும். அவன் பாதம் தண்ணீரை நோக்கிப் போவதைப் பார்த்தேன்.

"எறங்காதே! கரண்ட்டு இருக்கு! எறங்காதே!"

என் குரல்தான். தோட்டக்காரர் கையிலிருந்த ரப்பர் குழாயைப் போட்டுவிட்டார். மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. மேனேஜரும் வெளியே வந்து பார்த்தார். ஏணியில் ஒரு கால் தூக்கியபடி நின்ற வயர்மேன், காலை மெதுவாக மேலே எடுத்தான். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

"இந்தச் சத்தம் அன்னிக்கு எங்கண்ணே போச்சு?"

இன்று எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. இப்போதும் பஸ்ஸில் என் இடம் வந்தால் முதல் தடவை குரல் எழும்புவதில்லை. ஆனால் இரண்டாம் தடவை கேட்கும்படி சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.