சைனைட் மலை மங்கிய வாரம்

கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிறவர்களுக்குத் தனியாகக் கண் டாக்டர் தேவையில்லை. எதிரே சைனைட் மலை இருக்கிறது. சைனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு சுரங்கம் கொட்டிவிட்டுப் போன வெளிறிய மண்மேடு. வெயில் பட்டால் பளீரென்று கண்ணில் அடிக்கும்.

போன பங்குனியில் ஒரு நாள் அது அடிக்கவில்லை. மூன்றாம் நாள், நீலம் போடாத பழைய வேட்டி மாதிரி கிடந்தது. நான் பெங்களூரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த வாரம் கண் பரிசோதனை. கண் போனால் வேலையும் போச்சு. பிளாட்பாரத்திலேயே ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன். எதிரே நின்ற அம்மாள் பையை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

அன்று வீட்டில் மனைவியிடம், "எனக்குப் பார்வை போவுது. இனிமே நீதான் கையப் புடிச்சி கூட்டிம்போவணும்" என்றேன்.

"நேத்து தெருமுனையில எங்க அண்ணன் வண்டியப் பாத்துட்டு பின்வாசல் வழியா ஓடினீங்களே, அது எந்தக் கண்ணுங்க?"

கல்லூரியில் படிக்கும் மகள் போனை நீட்டினாள். "சேட்டிலைட் படம்பா. மேலேர்ந்து பாத்தாலும் மலை மங்கலாத்தான் இருக்கு. காத்துல தூசி, பொகை. வெள்ளை மண்ணு திருப்பி அனுப்பற வெளிச்சத்த அது நடுவுல புடிச்சிக்குது. பேத்தமங்களா ஏரியப் பாருங்க, கருப்பா இருந்தது வெளுத்திருக்கு. அங்க தூசியே வெயில மேல திருப்புது."

பழைய வருடங்களின் படங்களையும் தள்ளிக் காட்டினாள். இதே மாதம், இதே மங்கல். மழைக்குப் பிறகு தெளிவு.

"அப்போ சேட்டிலைட்டுக்கும் லைசென்ஸ் கெடைக்காது" என்றேன். வாய்தான் பேசியது. கை ஒரு கண்ணை மூடிப் பார்த்தது.

நாலாம் நாள் மழை பெய்தது. மறுநாள் காலை மலை கண்ணில் அடித்த அடியில் நீர் வழிந்தது. துடைக்காமல் நின்றேன்.

பரிசோதனையில் தூரத்து எழுத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டேன். டாக்டர் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். வழக்கம்போல் கையை முழுக்க நீட்டிப் பிடித்தேன்.

"கிட்ட வெச்சிப் படிங்க."

கிட்டே வந்ததும் எழுத்து கலங்கியது. ஒரு வருடமாகப் பேப்பரில் மை சரியில்லை என்று பேப்பர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

வண்டி ஓட்டத் தடையில்லை என்று சான்றிதழ் கிடைத்தது. அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று மனைவி படித்துச் சொன்னாள்.