கிணறு பார்க்க வந்தவர்

கோப்பாயில் நான் வீடு தேடிய நாட்களில், போன இடமெல்லாம் ஒருவர் எனக்கு முன்பே வந்து நின்றார். கஞ்சி போட்ட வேட்டி, பழைய சைக்கிள், அதைவிடப் பழைய குடை. வீட்டுக்குள் எட்டியும் பார்க்க மாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு "நல்ல தண்ணி" என்பார். எனக்கு வயிறு எரியும். வெளிநாட்டில் குடியேறிய எங்கள் ஆட்கள் போனிலேயே விலை பேசி வீடுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் கனடாவுக்குப் பார்க்கிறாரா, சுவிஸுக்கா என்று தரகரைக் கேட்டால், அவர் சிரித்துவிட்டு விலைப் பேச்சுக்குப் போய்விடுவார்.

ஒரு வீட்டில் அவர் இரண்டாவது வாளியும் அள்ளினார். நான் பயந்துபோய், கேட்ட விலைக்கு மேலேயே சொல்லி, நின்ற இடத்தில் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். அதன்பிறகுதான் பேசத் துணிவு வந்தது.

"ஐயா, நீங்கள் ஆருக்கு வீடு பாக்கிறியள்?"

"வீடோ? எனக்குக் குருநகரிலை வீடு கிடக்குது தம்பி. கிணத்துத் தண்ணிதான் உப்பு. வாய்க்கு நல்ல தண்ணி குடிக்கத்தான் இஞ்சாலை வாறனான். விக்கிற வீடெண்டால் ஆர் எவரெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

முதல் மழைக்கே கூரை ஒழுகியது. இப்போதும் அவர் சனிக்கிழமைகளில் என் கிணற்றடிக்கு வருகிறார். அவரைத் திட்டவும் வாய் வருவதில்லை, வாளியைப் பறிக்கவும் மனம் வருவதில்லை. போன சனிக்கிழமை தண்ணீரைக் குடித்து முடித்தவர், நிமிர்ந்து கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டையும் ஒருக்காப் பாத்து வாங்கியிருக்கலாம், தம்பி."