கிரீன் டீக்கு இரண்டு நிமிடம்

சிதம்பரத்தில் அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ போடுபவர் அவர். வெள்ளைத் தொப்பி, ஆவி படிந்த கண்ணாடி. எனக்குச் சாதா டீயைக் கொதிக்கக் கொதிக்கத் தருவார். அப்பாவின் கிரீன் டீக்கு மட்டும் வெந்நீரை இரண்டு தம்ளர்களில் மாற்றி மாற்றி ஊற்றிச் சூட்டைக் குறைப்பார். இலையைப் போட்டதும் உதடு அசைய ஏதோ ஓதுவார். ஓதி முடித்ததும் வடிகட்டிவிடுவார்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஊறுனா கசந்துடும்மா."

அன்று காலை பழக்கத்தில் கடைக்குப் போய் நின்றேன். இலையைப் போட்டு ஓத ஆரம்பித்தவரிடம், "அப்பா விடிகாலையில போய்ட்டாரு பாய்" என்றேன்.

உதடு நின்றது. வடிகட்டி அவர் கையிலேயே இருந்தது. வெகுநேரம் கழித்து நானே தம்ளரை எடுத்து, இலையோடு குடித்தேன்.

"ஐயோ, கசக்கும்மா, வச்சிடுங்க."

அதற்குள் குடித்து முடித்திருந்தேன். கசந்ததா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.