தானாக ஓடாத புல்வெட்டும் மெஷின்

பசுவந்தனை ரோட்டில் புது மண்டபம் கட்டியிருக்கும் அண்ணாச்சி, காலையிலேயே என் கடைக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"ஏலே, நீ வித்த புல்வெட்டுற மெஷின் தானா ஓடும்னியே! தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிஞ்சிட்டு. சாயங்காலம் புல்தரையிலதான் ரிசப்ஷன்!"

போய் பெல்ட், கியர், கேபிள் எல்லாம் கழற்றிப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை.

பிறகுதான் கைப்பிடி கண்ணில் பட்டது. சக்கரத்தை ஓட்டும் லிவரை அழுத்தவே முடியாதபடி, அதன் அடியில் அண்ணாச்சி திருஷ்டிக் கயிற்றைக் கனமாகச் சுற்றியிருக்கிறார்.

அறுத்து எறிந்தேன். லிவரை அழுத்தியதும் மெஷின் தானாக ஓடியது.

"பாத்தியாலே? எவனோ வச்ச கண்ணு பூராத்தையும் கயிறு வாங்கிக்கிட்டு. அறுத்ததும் ஓடுது பாரு" என்றார் அண்ணாச்சி.

இப்போது புதுக் கயிறு வாங்கப் போயிருக்கிறார். இந்த முறை எந்த லிவரில் கட்டுவார் என்று சரியாகச் சொல்பவருக்கு, அவருடைய அடுத்த போனை எடுக்கும் பாக்கியம் உண்டு.