சினிமாவுக்குப் போன எங்கள் கல்லூரி

சினிமாவில் காஸ்ட்யூமர் வேலைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதாது, வாயையும் தைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். மேலே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் ‘சரிங்க சார்’ போட்டுப் பிழைக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் புதுச்சேரியில் எடுத்த படத்தில் எண்பதுகளின் மகளிர் கல்லூரி வருகிறது. அந்தக் காலத்தில் இதே ஊரில் மகளிர் கல்லூரியில் படித்தவள் நான். இந்தத் தடவையாவது நாங்கள் இருந்தபடியே திரையில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கூடப் படித்த வசந்தாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

கறுப்பு ஜாக்கெட்

மாணவிகளாக நடிக்க வந்த பெண்களுக்கு வெளுத்த நூல் சேலையும் கறுப்பு ஜாக்கெட்டும் எடுத்து வைத்தேன். நாங்கள் கட்டியது அக்காவோ அம்மாவோ கட்டிப் பழசான சேலை. எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று ஒரே ஒரு கறுப்பு ஜாக்கெட் தைத்துக்கொள்வோம். டைரக்டர் பார்த்துவிட்டு, இது என்ன துக்க வீடா என்றார். ஆளுக்கொரு நிறத்தில் தாவணி, இரட்டைப் பின்னல், ரிப்பன் வேண்டுமாம். ரிப்பன் பள்ளிக்கூடத்தோடு முடிந்த சமாச்சாரம் என்றேன். அவருக்கு என் மகன் வயசுதான். பொறுமையாகவே சொன்னார்:

“நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. ஆனா நம்பற மாதிரி இல்லியே.”

நாலு மணி பெல்

காலேஜ் விட்டதும் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் அவராகவே கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஓடுவோம் என்றேன். சேதராப்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு பெல் அடித்ததும் வரும் பஸ்ஸை விட்டால் இருட்டின பிறகுதான் அடுத்தது. இருட்டி வீட்டுக்குப் போனால் மறுநாள் காலேஜே கிடையாது. வசந்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். புரிந்துவிட்டது போல என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து கேமராமேனிடம் சொன்னார்:

“ஸ்லோமோஷன்ல ஓட விடலாம். மேல பூ கொட்டட்டும்.”

வசந்தா வந்த நாள்

கடைசி நாள் வசந்தா ஷூட்டிங் பார்க்க வந்தாள். அன்று எடுத்த காட்சியில் கேட்டுக்கு வெளியே பையன்கள் வரிசையாகச் சைக்கிளில் சாய்ந்துகொண்டு விசிலடித்தார்கள். என்னைக் கிழிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அவளோ கண் கலங்கி, “அப்படியே நம்ம காலேஜுடி” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் கேட்டில் சைக்கிளோடு நின்றவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான், இவளுடைய அண்ணன். தங்கை யாரோடாவது பேசுகிறாளா என்று வேவு பார்க்க வருவான். இரண்டாம் வருஷமே படிப்பை நிறுத்தி இவளைக் கூட்டிப் போனவனும் அவன்தான். அன்றைக்கு இவள் அழுததை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. “உங்க அண்ணன்தானடி வருவாரு?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பையன்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“அண்ணனா? அவரு எங்கடி வந்தாரு? நம்ம பின்னாடி எத்தினி பேரு சைக்கிள்ல சுத்துனானுங்க, மறந்துட்டியா?”

ஆக, நான் படித்த கல்லூரியில் இப்போது நான் ஒருத்திதான் படித்திருக்கிறேன். அதுவும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.