ஈரல் சுருங்க ஒரு வேண்டுதல்

தைத்து முடித்த ஆட்டோ சீட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்து இடமும் வலமும் ஓர் ஆட்டு ஆட்டுகிறார் யூஜின். தையல் முனகுகிறது, பிரியவில்லை. "நான் உக்காந்தே கிழியலன்னா, எவன் உக்காந்தாலும் கிழியாது. எடுத்துனு போ." பெங்களூர் மர்பி டவுனில் அவர் கொடுக்கும் கேரண்டி அவ்வளவுதான்.

எடை பார்க்கப் பழைய இரும்புக் கடைத் தராசில்தான் ஏறுவார். "இப்பவே போட்டுட்டுப் போ மாமா, ரேட் நல்லாருக்கு" என்பான் கடைக்காரன். யூஜினே முதலில் சிரிப்பார்.

தூக்கம்தான் சிரிக்கிற விஷயமாக இல்லை. குறட்டை நடுவில் சட்டென்று நிற்கும், மூச்சும் கூடவே நிற்கும். மனைவி லவினா விலாவில் ஒரு குத்து விட்டால்தான் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். "ஒரு நாள் நான் அசந்து தூங்கிட்டா, இவரு எந்திரிக்க மாட்டாரு டாக்டர்" என்று அவள் சொன்ன பிறகுதான், உடம்பைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு யூஜின் தலையாட்டினார்.

இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தை மூடிவிடுவோம் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். யூஜினுக்கு ஒரே சந்தேகம்.

"சிங்கிள் தையலா, டபுளா சார்?"

"தையல் இல்லீங்க. ஸ்டேப்ளர்."

"ஆபீஸ்ல பேப்பருக்கு அடிப்பாங்களே, அதா?" என்று எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. லவினா இரண்டையும் சேர்த்து உட்காரவைத்தாள்.

டாக்டர் ஒரு நிபந்தனையும் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் ரெண்டு வாரம் புரோட்டீன் பவுடர் கரைத்த பால், மோர், தெளிந்த சூப். வேறெதுவும் கூடாது. "உங்க ஈரல் கொழுத்துப்போய் இரைப்பைய மறைச்சிக்கிட்டிருக்கு. அது சுருங்கலன்னா, உள்ள விட்ட கேமராவ எடுத்துட்டு உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

பட்டினியைவிட யூஜின் பயந்தது பக்கத்து ஷெட் மெக்கானிக் கிளெமென்டுக்குத்தான். தெரிந்தால், "டெய்லரு வயித்த ஆல்டர் பண்ணிக்கினாரு" என்று அல்சூர் ஏரிவரைக்கும் பரப்பிவிடுவான். போதாததற்கு, மர்பி டவுனில் ஓர் ஆள் சும்மா சாப்பிடாமல் இருந்துவிட முடியாது. நாலு வீட்டிலிருந்து தட்டு வரும்.

அந்த நேரம் பார்த்து சிவாஜிநகர் மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. காவி கட்டி நோன்பிருக்கிறவரை எவனும் சாப்பிடக் கூப்பிடமாட்டான். பிறந்ததிலிருந்து காவி கட்டாத யூஜின் கட்டினார். ஒரு வேட்டி இடுப்பைச் சுற்றி வரவில்லை. சீட் தைக்கிறவருக்கு அது ஒரு பெரிய விஷயமா? இரண்டை ஒட்டித் தைத்துக்கொண்டார்.

"சும்னே கட்டியிருக்கமாட்டியே. என்னா வேண்டுதல் மச்சா?" என்றான் கிளெமென்ட்.

"சொன்னா பலிக்காது மச்சா."

பிரியாணிக் கடைக்காரர்கூட கும்பிட்டு வழிவிட்டார். வீட்டில் சூப்பை உறிஞ்சியபடி, "மாதா பேரச் சொல்லி ஊர ஏமாத்துறனா?" என்று கேட்டார் யூஜின்.

"மாதாவுக்கு ஈரல் நெலவரம் தெரியும். குடிங்க" என்றாள் லவினா.

கணக்கில்தான் ஓட்டை. கொடி ஏறிய பத்தாம் நாள் திருவிழா, டாக்டர் சொன்ன ரெண்டு வாரம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

திருவிழாவன்று மதியம், தட்டு நிறைய பிரியாணியோடு கிளெமென்ட் வந்து நின்றான். பின்னால் பாதித் தெரு. "நோன்பு முடிக்கிறவனுக்கு மொத வாய் என் கையாலதான். உக்காரு." லவினா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஏங்க" என்றாள்.

யூஜின் தட்டை வாங்கித் தொடைமேல் வைத்தார். ஆவி மூக்கில் ஏறியது. மேலே கிடந்த லெக் பீசை எடுத்தார். முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"மோந்து பாத்தா நோன்பு முடியுமா மச்சா? உண்மையச் சொல்லு, நீ வேண்டிக்கினது..." என்று வாயைத் திறந்தான் கிளெமென்ட்.

திறந்த வாய்க்குள் லெக் பீஸ் போனது. யூஜின் இன்னொரு கையால் அவன் தாடையைத் தாங்கிப் பிடித்து, வெறும் எலும்பு வெளியே வரும்வரை விடவில்லை. தெரு கைதட்டியது. விரலில் நெய் வழிந்தது. நாக்குக்குப் போன விரலைப் பாதி வழியில் திருப்பி, கிளெமென்டின் புதுச் சட்டையில் அழுத்தித் துடைத்தார்.